பிரிஜெட்டின் மீனில் புழு

ஞாயிற்றுக்கிழமை காலையில் கெம்பனகுண்டே ஏரிக்கு மீன் வாங்கப் போகிறவர்களுக்கு முதலில் கேட்பது பிரிஜெட்டின் குரல்தான். ஏரி கண்ணில் படுவது அதற்கப்புறம். "ஜல்தி வா, ஜல்தி வா! இப்பத்தான் தண்ணிய விட்டு ஏறிச்சு, இன்னும் கண்ணு கூட மூடல!" என்று கூவுவாள். மீன் எந்தக் காலத்தில் கண்ணை மூடியது என்று இதுவரை ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. கேட்டால் பதில் வைத்திருப்பாள். கேட்கத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

பிரிஜெட் பிறந்தது மர்பி டவுனில். கல்யாணத்துக்கு முன்பே அல்சூர் மார்க்கெட்டில் கத்தி பிடித்தவள். அலெக்சாண்டரைக் கட்டிக்கொண்டு பொம்மசந்திராப் பக்கம் குடிவந்தபோது, அவன் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து வந்து படுத்துவிடுவான், இவளுக்குக் கை துறுதுறுவென்று இருக்கும். பக்கத்து ஏரியில் மீன் பிடிக்கக் குத்தகை எடுத்திருந்த சின்னப்பா, வலையில் ஏறிய கொஞ்ச மீனைக் கரையில் போட்டுவைத்துக்கொண்டு விற்கத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தாள். "உனக்கு வலை வீசத் தெரியும், வியாபாரம் தெரியாது. நகரு" என்று சொல்லிவிட்டுப் ஏரிக்குள் நுழையும் இரும்புக் கேட்டோரமாகப் பலகையைப் போட்டு உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. குத்தகை என்னவோ சின்னப்பா பேரில். ஆனால் ஊரில் கேட்டுப் பாருங்கள், பிரிஜெட் மீன் என்றுதான் சொல்வார்கள்.

தற்பெருமை உண்டா என்றால், உண்டு. கொஞ்ச நஞ்சம் இல்லை. கெண்டையின் வயிற்றைத் தொடக்கூட மாட்டாள், பார்த்தே சொல்லிவிடுவாள், இது சினை மீன், இது வெறும் மீன் என்று. முட்டை நிறைந்த மீனை முறத்தின் ஓரமாகத் தள்ளிவைத்து, தனக்குப் பிடித்த வாடிக்கைக்காரர்களுக்கு மட்டும் கண்ணைக் காட்டுவாள். அந்தக் கண்ஜாடை கிடைத்தவர்கள் அன்றைக்கு முழுக்க ஏதோ விருது வாங்கியவர்கள் மாதிரி நடப்பார்கள். என்னைக் கேட்டால், கையில் வித்தை இருக்கிறவர்கள் கொஞ்சம் அலட்டிக்கொண்டால் தப்பே இல்லை. ஒன்றுமே இல்லாதவர்கள் அலட்டுவதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவளுக்காகக் காத்திருக்கும் இன்னொரு கூட்டமும் இருந்தது. கத்தி பலகையில் விழும் சத்தம் கேட்டால் போதும், ஏரியின் கொக்குகளும் நீர்க்காகங்களும் இரும்புக் கேட்டுக்குப் பக்கத்துத் தண்ணீரோரத்தில் வந்து வரிசை கட்டும். மீன் குடலை வழித்து, பின்பக்கம் திரும்பாமலே வீசுவாள். ஒன்றுகூடக் கீழே விழாது. அதில் ஒரு கொழுத்த கொக்குக்குத் துரை என்று பெயர் வைத்திருந்தாள். துரை மற்றவை போல் அடித்துப் பிடிக்காது, பலகைக்குப் பக்கத்திலேயே வந்து கம்பீரமாக நிற்கும். "தொரைக்கு இன்னா வேணும்?" என்று கேட்டு, தனியாக ஊட்டுவாள்.

இந்த ஏரி, கன்னடக் கலப்பில் அவள் வாயில் கெரே, அவளுக்கு வெறும் வியாபார இடம் இல்லை. அவள் வந்த புதிதில் கெம்பனகுண்டேயில் தண்ணீர் எங்கே இருந்தது? சாக்கடைதான் இருந்தது. நுரை பொங்கிக் காற்றில் பறந்து, ரோட்டில் போகிற ஸ்கூட்டர்காரனின் ஹெல்மெட்டில் போய் உட்காரும். வலையில் ஏறுவது நாலு கெளுத்தி, அதுவும் கறுப்பாக. கொக்கு என்ற பேச்சே இல்லை. அப்புறம் ஊர்க்காரர்களும் அபார்ட்மென்ட்காரர்களும் சேர்ந்து அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, சாக்கடையைத் திருப்பி, சேற்றை அள்ளி, மழைத் தண்ணீரைப் பிடித்து நிறுத்தினார்கள். அந்தச் சமயத்தில் ஒரு கழிவுநீர் லாரி கரையில் வந்து குழாயை இறக்கியபோது, பிரிஜெட் குழாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் கன்னடத்தில் கத்த, அவள் கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றித் திருப்பிக் கொடுக்க, கடைசியில் லாரி வந்த வழியே போனது. ஏரிச் சங்கத்தின் செயலாளர் வீணா, எதிர் அபார்ட்மென்ட்டில் இருப்பவள், இன்றைக்கும் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு அந்தக் கதையைத்தான் முதலில் சொல்வாள்.

இப்படி எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் டிரேவர் என்பவன் வந்து சேர்ந்தான். நகரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவன். முதுகில் பை, பை நிறைய பாட்டில். ஏரி மீன்களின் உடம்பில் குடியிருக்கும் புழுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறானாம்.

"ஆன்ட்டி, குடலைத் தூக்கிப் போடாம எனக்குக் குடுக்கிறீங்களா?"

"எதுக்கு?"

"புழு இருக்குதான்னு பாக்கணும்."

அவ்வளவுதான். பிரிஜெட்டுக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. "என் மீனுல புழுவா? வாடிக்கைக்காரங்க நிக்கிறாங்க, காதுல உழப் போவுது. வேற கெரேயைப் பாரு தம்பி!" என்று விரட்டிவிட்டாள். அவன் சிரித்துக்கொண்டே ஏரியின் மறுகோடிக்குப் போய், சின்னப்பாவின் ஆட்களிடம் கெஞ்சி ஒன்றிரண்டு மீன் வாங்கிக்கொள்வான். போகும்போதும் வரும்போதும் அவளுக்குக் குட்மார்னிங் சொல்ல மறக்க மாட்டான். அவள் பதில் சொல்ல மாட்டாள்.

மழை ஓய்ந்து ஏரி ததும்பி நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல கூட்டம். வீணாவே வந்திருந்தாள். "அப்பா மல்லேஸ்வரத்துல இருந்து வந்திருக்கார் பிரிஜெட். மீன் சினைன்னா அவருக்கு உயிர். நல்லதா ஒண்ணு பார்த்துக் குடுங்க."

பிரிஜெட் முறத்தின் ஓரத்திலிருந்து ஒரு கெண்டையை எடுத்தாள். வயிறு பானையாகப் பெருத்திருந்தது. அதைத் தலைக்கு மேலே தூக்கிக் கூட்டத்துக்கே காட்டினாள்.

"பாத்துக்கோங்க. இதுல சினை இல்லன்னா, இந்தக் கத்திய கெரேல போட்டுட்டு நான் வீட்டுக்குப் போயிர்றேன்!"

கத்தி வயிற்றைத் திறந்தது. உள்ளே முட்டை இல்லை. பாவாடை நாடாவைச் சுருட்டித் திணித்த மாதிரி வெள்ளை வெளேரென்று தட்டையாக ஒன்று, இல்லை, இரண்டு மூன்று, பலகையில் சரிந்து விழுந்தன. விழுந்ததோடு நிற்காமல் மெதுவாக நெளிந்தன.

பிரிஜெட்டின் முகத்தில் ஈயாடவில்லை. வீணா வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். ராகேஷ் என்று ஓர் இளைஞன், அதே அபார்ட்மென்ட்காரன், போனை நீட்டிப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டான்.

"போனை எறக்குப்பா! எறக்குன்னு சொல்றேன்ல!" என்று கத்திய பிரிஜெட், முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கழிவுநீர் லாரிக்கு முன்னால் மூடாத முகம் அது.

மத்தியானத்துக்குள் அந்தப் படம் சுற்றுவட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஓடியது. ஏரியில் மறுபடியும் சாக்கடை கலந்துவிட்டது என்றார் ஒருவர். இந்த மீனைத் தின்ற என் பிள்ளைக்குத்தான் போன மாதம் காய்ச்சல் என்றார் இன்னொருவர். சாயங்காலம் சங்கத்திலிருந்து செய்தி வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விற்பனை இல்லை, அதற்குப் பதில் கூட்டம். கேட்டோரத்து மீன் பலகை இனி வேண்டுமா வேண்டாமா என்று அதில் முடிவாகும்.

பலகை போனால் சோற்றுக்கு ஒன்றும் குறைந்துவிடாது, அலெக்சாண்டரின் சம்பளம் இருக்கிறது. ஆனால் பிரிஜெட் மீன் என்ற பேர் போய்விடுமே! அதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "ஒரு மீனு தானே, விடு" என்று அலெக்சாண்டர் ஆறுதல் சொல்லப் போய், அன்றைக்கு அவனுக்குக் காபி கிடைக்கவில்லை.

மறுநாள் சின்னப்பாவைப் பிடித்து உலுக்கினாள். "எங்கடா வாங்கினே மீன் குஞ்சு? சும்மா கெடைச்சுதுன்னு வியாதிக் குஞ்சைக் கொண்டாந்து உட்டியா?"

"மாதா மேல ஆணையா இல்லக்கா. எப்பவும் வாங்கற எடந்தான்." சின்னப்பா தலையைச் சொறிந்தான். "இந்த வயிறு பெருத்த மீனுங்கதான் கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்குது. நம்ம கேட்டுப் பக்கத்துலயே மேல மேல மெதக்குது. வலையே வேணாம், கையாலயே அள்ளலாம். நீதானே வயிறு பெருத்ததா பாத்து எனக்கு எடுத்து வையின்னு சொல்லுவே? பசங்க அதையே அள்ளினு வந்துட்டாங்க."

பிரிஜெட்டுக்குச் சுருக்கென்றது. அவளுடைய கண்ணே அவளை ஏமாற்றியிருக்கிறது. இதற்குப் பதில் தெரிந்த ஆள் ஒருவன்தான் இருக்கிறான், அவனை அவள் விரட்டிவிட்டிருக்கிறாள். ஒரு பகல் முழுக்க யோசித்தாள். யோசித்து முடித்து, மதகுப் பக்கம் டிரேவர் பாட்டிலில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த இடத்துக்குப் போய் நின்றாள். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை, அது அவளுக்கு வராது.

"குட்மார்னிங் சார்" என்றாள்.

டிரேவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பிளாஸ்டிக் டப்பாவில் அவள் கொண்டுவந்திருந்த புழுவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். பெண்டாட்டி பிள்ளை பெற்ற செய்தி கேட்டவன் கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான்.

"ஆன்ட்டி! இதத்தான் தேடினு இருந்தேன். நாடாப்புழு."

"சிரிக்காதே. என் மானம் கப்பலேறிப் போச்சு, நீ சிரிக்கிறே. சாக்கடையால வந்துச்சா இது?"

"சாக்கடையா? சாக்கடை போனதாலதான் ஆன்ட்டி வந்துச்சு!"

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முறைத்தாள். அவன் மதகுக் கல்லில் உட்கார்ந்து விளக்கினான். இந்தப் புழுவுக்கு வாழ மூன்று வீடு வேண்டும். முதல் வீடு, தண்ணீரில் தூசி மாதிரி மிதக்கிற சின்னஞ்சிறு பூச்சி. அந்தப் பூச்சியை மீன் தின்றால் மீனின் வயிறு இரண்டாவது வீடு. அங்கேதான் இப்படி நாடாவாக வளரும். ஆனால் அங்கே முட்டையிடாது. அந்த மீனை ஒரு கொக்கோ நீர்க்காகமோ விழுங்க வேண்டும், அந்தப் பறவையின் குடல்தான் மூன்றாவது வீடு. அங்கே முட்டையிட்டு, எச்சத்தோடு மறுபடி தண்ணீருக்கு வரும்.

"மூணுல ஒரு வீடு இல்லன்னாலும் குடும்பம் காலி" என்றான் டிரேவர். "நுரை பொங்கினு இருந்தப்ப இங்க பூச்சி ஏது, கெண்டை ஏது, கொக்கு ஏது? எங்கதான் குடியிருக்கும் இது? இப்ப இருக்குதுன்னா மூணும் இருக்குதுன்னு அர்த்தம். உங்க கெரே பொழைச்சிருச்சு ஆன்ட்டி. அதுக்குச் சாட்சி இது."

பிரிஜெட் டப்பாவைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். "தின்னா ஆளுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"கொழம்புல கொதிச்சா செத்துரும். மனுசன் வயிறு இதுக்கு வீடும் இல்ல."

"அப்ப அந்த மீனு ஏன் மேல மெதக்குது?"

"அதான் இதோட கெட்டிக்காரத்தனம். உள்ள எடம் அடைச்சுக்கும், மீனால ஆழத்துல நீந்த முடியாது, மேல வரும். கொக்குக்கு லேசாச் சிக்கும். இது அடுத்த வீட்டுக்குப் போயிரும்."

பிரிஜெட் வாயைப் பிளந்தாள். "அட கள்ளப்பயலே! கொக்குக்குத் தூண்டில் போட்டுட்டு, நடுவுல என்னையும் சினைன்னு நம்ப வச்சுட்டியே!" என்று புழுவைப் பார்த்துச் சொன்னாள். கோபத்தைவிட மரியாதைதான் அதில் அதிகம் இருந்தது. தன்னை ஏமாற்ற இத்தனை வீடு கடந்து ஒருவன் வர வேண்டியிருந்தது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் திருப்தி கூட.

"ஆனா ஒண்ணு ஆன்ட்டி" என்று டிரேவர் இழுத்தான். "கெரே முழுக்கப் பாத்துட்டேன். அந்தப் பக்கம் அங்கொண்ணு இங்கொண்ணுதான் இருக்குது. கேட்டுப் பக்கத்துலதான் ஜாஸ்தி. ஏன்னு புரியல."

பிரிஜெட்டுக்குப் புரிந்துவிட்டது. தூரத்தில் பலகை போடும் இடத்தில், ஆளே இல்லாத அந்த நாளிலும், துரை வந்து நின்றுகொண்டிருந்தது.

போன மாதங்களில் வெட்டும்போது இந்த வெள்ளை நாடா ஒன்றிரண்டு அவள் கண்ணில் பட்டதுதான். கூட்ட நெரிசலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "தொரைக்கு இன்னிக்கு நூடுல்ஸ்" என்று கிண்டலாகச் சொல்லி வீசியிருக்கிறாள். வீசியதைத் துரை விழுங்கி, அங்கேயே நின்று, அங்கேயே எச்சமிட்டு, அங்கேயே மறுபடி காத்திருந்திருக்கிறது. மூன்றாவது வீட்டுக்குப் புழுவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் விட்டவள் அவள்தான்.

"அப்போ கொக்கைப் பட்டினி போடச் சொல்றியா?" என்று அவன்மேலேயே பாய்ந்தாள்.

"பட்டினி ஏன்? கெரே நெறைய மீனு இருக்குது, அதுவே பிடிச்சுத் தின்னும். குடலை மூடி போட்ட டிரம்முல போட்டு, தண்ணிக்குத் தூரமா பொதைச்சிட்டா போதும். புழு சுத்தமா போயிராது, போகவும் வேணாம். அளவா இருக்கும்." பிறகு, "கூட்டத்துல நானே வந்து படம் போட்டுக் காட்டட்டுமா?" என்று கேட்டான்.

பிரிஜெட் முந்தானையை உதறிச் செருகினாள். "நீ பேசினா அது காலேஜு பாடம். மீனு என்னுது, நானே பேசறேன். தப்பா சொன்னா மட்டும் திருத்து."

கூட்டம் ஏரிக்கரை மண்டபத்தில் நடந்தது. நாற்காலி நிறைந்து ஆட்கள் நின்றார்கள். ராகேஷும் இருந்தான். பிரிஜெட் ஞாயிற்றுக்கிழமை கோயில் புடவையிலேயே வந்து, பலகையைப் போட்டு, வயிறு பெருத்த கெண்டை ஒன்றை எல்லார் கண்முன்னாலும் திறந்து, நாடாவை எடுத்து நீட்டிவைத்துவிட்டு மூன்று வீட்டுக் கதையையும் சொன்னாள். டிரேவர் சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள் என்றுதான் சொல்ல வேண்டும். துரைக்கு ஊட்டியதையும் மறைக்கவில்லை. "நான்தான் வாரி வாரிப் போட்டேன். எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும், இனிமே போட மாட்டேன்" என்றாள்.

வீணா டிரேவரைப் பார்த்தாள். அவன் சரி என்று தலையாட்டினான். அவள் எழுந்து நின்றாள்.

"எல்லாம் புரியுது பிரிஜெட். ஆனா ஜனங்க பயந்துபோயிருக்காங்க. அவங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை வேணும். இனிமே உங்க மீன்ல புழுவே இருக்காதுன்னு நீங்க கேரண்டி தந்தா, பலகை அங்கேயே இருக்கட்டும். தர முடியுமா?"

இதைவிடச் சுலபமான கேள்வி உண்டா? காலமெல்லாம் அவள் கூவிக்கொண்டிருந்த வார்த்தைதான் அது. சொன்னால் பலகை மிஞ்சும். சின்னப்பா பின்னாலிருந்து சொல்லுக்கா, சொல்லுக்கா என்று கண்ணால் கெஞ்சினான்.

"முடியாது மேடம்" என்றாள் பிரிஜெட்.

சின்னப்பா தலையில் கைவைத்துக்கொண்டான்.

"கொக்கு இருக்கிற வரைக்கும் ஒண்ணு ரெண்டு இருக்கும். அதுவே வேணான்னா கொக்கை வெரட்டணும், பூச்சியக் கொல்லணும். மறுபடி நுரையைத்தான் கூப்பிடணும். அந்த நுரையில புழு இல்ல மேடம், ஒண்ணுமே இல்ல. இதுக்குத்தானா லாரிக் குழா மேல உக்காந்தேன்? பொய் சொல்லி எனக்குப் பலகை வேணாம். எடை போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மீனையும் தொறந்து காட்டறேன். இருந்தா இருக்குதுன்னு சொல்றேன். வேணும்னா வாங்குங்க, வேணான்னா உடுங்க."

சொல்லிவிட்டுக் கத்தியைத் துடைத்தாள். ஓரமாக நின்ற அலெக்சாண்டர் அவளையே பார்த்தான். அவனுக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது, தூசி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டான்.

வீணா பலகையில் கிடந்த நாடாவைக் கிட்டே வந்து பார்த்தாள். பிறகு, "லாரி நின்ன அன்னிக்கும் இப்படித்தான் முடியாதுன்னீங்க" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களைப் பார்த்தாள். யாரோ பின்வரிசையில் கைதட்ட ஆரம்பித்தார்கள். பலகை இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. மூடி போட்ட நீல டிரம் பலகைக்குப் பக்கத்தில் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தது. துரை அதைச் சுற்றிச் சுற்றி வந்து, பிரிஜெட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு, கோபித்துக்கொண்டு தண்ணீரோரம் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் தானே ஒரு மீனைக் கொத்தியெடுத்து விழுங்கியது. "பாத்தியா, சோம்பேறிக்கும் வேலை தெரியுது" என்று பிரிஜெட் சிரித்தாள். உள்ளுக்குள் வலிக்கத்தான் செய்தது.

வீணா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். முறத்தில் வயிறு பெருத்த கெண்டையைக் காட்டி, கொஞ்சம் விஷமமாகவே கேட்டாள்.

"இது சினையா பிரிஜெட்? கத்தி கெரேக்குப் போகுமா?"

வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. பிரிஜெட் மீனைக் கையில் எடுத்தாள். பழைய வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியாது மேடம். தொறந்து பாத்துட்டுச் சொல்றேன். கத்தி என்கிட்டயே இருக்கட்டும், இனிமேதான் அதுக்கு வேலை."

திறந்தாள். வெள்ளை நாடா. ஒருவரும் பின்னால் நகரவில்லை. ராகேஷின் கை பழக்கத்தில் போனைத் தூக்கியது, பிறகு என்ன நினைத்தானோ, சட்டென்று இறக்கிக்கொண்டான்.

பிரிஜெட் நாடாவை இரண்டு விரலால் பிடித்து, சினையைக் காட்டுவாளே அதே மாதிரி, தலைக்கு மேலே தூக்கினாள்.

"ஏன் எறக்கிட்டே? எடுப்பா!" என்றாள். "போன தடவ என் மூஞ்சி வரல. இப்ப நல்லா வர்ற மாதிரி எடு. பின்னாடி கெரேயும் தெரியணும்."